கடியாபட்டிக்கு நடந்த பிள்ளைகள்

கோட்டைக்குக் கீழே – 7

கிழவன் சேதுபதி 1687-ல் எழுப்பிய திருமயம் கோட்டையைச் சென்ற வாரம் சுற்றி வந்தோம். இந்த வாரம் மலையை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடம் போகலாம்.

புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்று மூன்று தாலுகாக்கள். தாலுகாவின் தலைமையிடம் என்று பெயர் இருந்தாலும், பெரிய படிப்பு வேண்டுமென்றால் திருமயத்துப் பிள்ளை புதுக்கோட்டைக்குத்தான் போயாக வேண்டும். திவான் சேஷையா சாஸ்திரி காலத்திலேயே அங்கே மகாராஜா கல்லூரி உருவாகியிருந்தது. ஊருக்கு ரயில் வந்ததே 1930-ஐ ஒட்டித்தான். அதற்கு முன் சுமார் 20 கிலோமீட்டரைத் தினமும் போய்வரும் கதையே இல்லை. புதுக்கோட்டையில் உறவுக்காரர் வீடு வேண்டும், அல்லது சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் காசு வேண்டும். 1887-ல் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி அந்தக் கல்லூரியில் படித்து, பிறகு சென்னைக்குப் போய், காங்கிரஸின் தீரர் ஆனார். அப்படிப் போக வழியில்லாத பிள்ளைகளின் படிப்பு ஊர்த் திண்ணையோடு முடிந்தது.

அந்தத் தூரத்தைக் குறைத்தது அரண்மனை அல்ல, வட்டிக்கடை.

திருமயம் வட்டாரத்தில் ராயவரம், கடியாபட்டி என்று நகரத்தார் ஊர்கள் உண்டு. பர்மா, இலங்கை, மலேயா என்று வட்டிக்கடை வைத்துக் கொண்டுவிக்கப் போனவர்கள் லாபத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்குவது வழக்கம். சுவாமி பெயரில் பேரேட்டில் தனிக் கணக்கே இருக்கும். பங்காளிக்குப் போலவே அவருக்கும் பற்று, வரவு, வட்டி எல்லாம் எழுதுவார்கள். கோயில் திருப்பணிக்கும் சத்திரத்துக்கும் போய்க்கொண்டிருந்த தர்மப் பணம், இருபதாம் நூற்றாண்டில் பள்ளிக்கூடங்களுக்கும் திரும்பியது. கடியாபட்டியை ஒட்டிய ராமச்சந்திரபுரத்தில் ஸ்ரீ பூமீசுவரசுவாமி இலவச உயர்நிலைப்பள்ளி வந்தது அப்படித்தான். பள்ளிக்குச் சிவன் பெயர். சம்பளம் கிடையாது என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

அந்தப் பள்ளிக்கு ராயவரத்திலிருந்து தோழர்களோடு நடந்து வந்த பையன் ஒருவன், 1922-ல் பிறந்தவன். வழியில் ஒரு டென்ட் கொட்டகை. படம் பார்க்க ஆசை, கையில் காசு இல்லை. 13 வயதில், அந்தச் சினிமாவைப் பற்றியே பாட்டுக் கட்டினான். கூட வந்தவர்கள் வழி நெடுகச் சேர்ந்து பாடிக்கொண்டு போனார்கள். பின்னாளில் குழந்தைக் கவிஞர் என்று தமிழ்நாடு அறிந்த அழ. வள்ளியப்பாவின் முதல் பாட்டு அதுதான். பள்ளிப் படிப்போடு சரி, கல்லூரிப் படி ஏற வசதி இல்லை. ராயவரத்துக்காரரான வை. கோவிந்தனின் ‘சக்தி’ பத்திரிகை அலுவலகத்தில் கொஞ்ச நாள், அப்புறம் இந்தியன் வங்கியில் வேலை. இலவசப் பள்ளி நடக்கிற தூரத்தில் இல்லாவிட்டால் இந்த அளவும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆனால் தர்மப் பணத்தை மட்டும் நம்பினால் ஓர் ஆபத்து உண்டு. தர்மம் செய்கிறவருக்கு அடி விழுந்தால் பள்ளிக்கும் விழும். 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது பல வட்டிக்கடைகளின் கணக்குப் புத்தகங்கள் வெறும் காகிதமாயின. போட்ட பணமெல்லாம் அக்கரையிலேயே நின்றுவிட்டது.

சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய யூனியனோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. 1954-ல் முதலமைச்சராக வந்தவர் காமராஜர். அவரை அரசியலில் வளர்த்தெடுத்தவர், படிப்புக்காக ஊரைவிட்டுப் போக நேர்ந்த அதே சத்தியமூர்த்தி. ஐந்து மைலுக்குள் ஓர் உயர்நிலைப்பள்ளி என்பது காமராஜர் ஆட்சியின் குறி. மதிய உணவு வந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் மணியும் பெஞ்சும் கரும்பலகையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெரிய தனவந்தர் இல்லாத ஊரும் அப்போது கொடை செய்தது. 1978-ல் பிளஸ் டூ வந்தபின், உயர்நிலைப்பள்ளிகள் பல மேல்நிலைப்பள்ளிகள் ஆயின.

இந்தத் தூரக் கணக்கில் பெண் பிள்ளைகளின் கணக்கு வேறு. புதுக்கோட்டையில் பிறந்த, பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று அறியப்பட்ட முத்துலட்சுமி 1902-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். அவரைக் கல்லூரியில் சேர்க்க எதிர்ப்புக் கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட வேண்டியிருந்தது. உள்ளூரிலேயே கல்லூரி இருந்த பெண்ணுக்கே அந்த நிலை என்றால், திருமயத்துப் பெண்ணுக்கு என்ன வழி? வள்ளியப்பாவைப் போலப் பாடிக்கொண்டே ஊர் தாண்டி நடந்துபோக எந்த வீடும் மகளை விட்டிருக்காது. பழைய பள்ளிகளின் பெருமையைப் பேசும்போது கொடையாளர் பெயரைச் சொல்கிறோம், புகழ்பெற்ற மாணவர் பெயரைச் சொல்கிறோம். பள்ளி வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வரலாற்றில் பெண்கள் வருவார்கள்.

(அடுத்த வாரம்: மேலைச்சிவபுரி சன்மார்க்க சபையும் தமிழ்க் கல்லூரியும்)