தொகுப்பானில் வழுவா? பதிப்பு இலக்கத்தை முதலில் எழுதுக

மாணவர்களே, நீங்கள் எழுதும் பாஸ்கல் செய்நிரலைக் கணினி நேரடியாக விளங்கிக்கொள்வதில்லை. தொகுப்பான், அதாவது கம்பைலர், அதனைப் பொறிமொழிக்கு மாற்றிக் கொடுக்கிறது. தொடரியல் வழு, இயக்க நேர வழு, தர்க்க வழு என்பவற்றைப் படித்திருப்பீர்கள். பொதுவாக இவை செய்நிரலை எழுதுபவர் விடும் பிழைகள். ஆனால் தொகுப்பானும் மனிதர் எழுதிய ஒரு மென்பொருளே. அதிலும் வழு இருக்கலாம். அவ்வாறான வழுவைக் கண்டால் எந்தப் பதிப்பு பாதிக்கப்பட்டது என்பதை ஏன் பதிய வேண்டும் என இங்கு பார்ப்போம்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து கொழும்புக்குப் போகும் தேயிலைப் பொதிகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றின் மேல் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், இன்வொய்ஸ் இலக்கம், நிறை ஆகியன குறிக்கப்பட்டிருக்கும். வாங்கியவர் "தேயிலை சரியில்லை" என்று மட்டும் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய இயலாது. இன்வொய்ஸ் இலக்கத்தைச் சொன்னால் ஏட்டைப் புரட்டி அது எந்தத் தொகுதி என்று கண்டுபிடிக்கலாம். அதே இலக்கத்தில் போன மற்றப் பொதிகளையும் தேடலாம். மென்பொருளில் இந்த வேலையைச் செய்வது பதிப்பு இலக்கம்.

உண்மையில் நடந்த ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். போர்லாண்ட் நிறுவனம் 1992 இல் டேர்போ பாஸ்கல் 7.0 ஐ வெளியிட்டது. பல ஆண்டுகள் அது நன்றாகவே வேலை செய்தது. 1990களின் பிற்பகுதியில் 200 மெகாஹேர்ட்ஸ் அளவிலும் அதற்கு மேலும் வேகமான கணினிகள் வந்தபோது, அதுவரை ஒழுங்காக ஓடிய செய்நிரல்கள் தொடங்கியவுடனேயே நின்றன. திரையில் வந்த செய்தி "இயக்க நேர வழு 200". பூச்சியத்தால் வகுத்தல் என்பது அதன் பொருள். செய்நிரலில் ஒரு வகுத்தல் கூட இல்லாதவர்களுக்கும் இதே செய்தி வந்தது!

காரணம் தொகுப்பானுடன் வந்த சி.ஆர்.டி. என்னும் அலகில் இருந்தது. திரையைத் துடைக்கவும், சிறிது நேரம் தாமதிக்கவும் உதவும் அலகு இது. அது தொடங்கும்போது, கடிகாரத்தின் ஒரு துடிப்பு முடிவதற்குள், அதாவது சுமார் 55 மில்லிசெக்கனில், ஒரு வெற்றுச் சுற்றை எத்தனை தடவை சுற்றலாம் என எண்ணும். பின்னர் அவ்வெண்ணிக்கையை 55 ஆல் வகுக்கும். விடை 16 பிற்றுகளுக்குள், அதாவது 65,535 க்குள் அடங்க வேண்டும். கணினி வேகமாகி எண்ணிக்கை சுமார் 36 இலட்சத்தைத் தாண்டியதும் விடை அடங்கவில்லை. விடை அடங்காதபோதும் மத்திய செயற்பாட்டு அலகு "வகுத்தல் வழு" என்றே அறிவிக்கும். உண்மையில் பூச்சியத்தால் எதுவும் வகுக்கப்படவில்லை.

இங்கே "கணினி பழுது" என்று எழுதியிருந்தால் பயனில்லை. "டேர்போ பாஸ்கல் 7.0, சி.ஆர்.டி. அலகு சேர்க்கப்பட்டது, 200 மெகாஹேர்ட்ஸ் கணினி" என எழுதினால் காரணம் பாதி வெளிப்பட்டுவிடும். அந்த அலகை நீக்கித் தொகுத்தபோது வழு வரவில்லை என்பதையும் சேர்த்தால் மீதியும் வெளிப்படும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. வழு தொகுக்கப்பட்ட கோப்புக்குள்ளேயே குடிபுகுந்துவிடுகிறது. தொகுப்பானை மாற்றினாலும் பழைய கோப்பு திருந்தாது. மூல நிரலை மீண்டும் தொகுக்க வேண்டும், அல்லது கோப்பையே திருத்த வேண்டும். ஆகவே எந்தப் பதிப்பால் தொகுக்கப்பட்டது என்பதே முக்கியம். இன்று கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பது போதாது. மேலும், பலர் திருத்திய சி.ஆர்.டி. அலகுகளை வெளியிட்டார்கள். அவற்றைச் சேர்த்த பின்னரும் தொகுப்பான் தன்னை 7.0 என்றே சொல்லும். இப்படிப்பட்ட இடத்தில் நூலகக் கோப்பின் திகதியையும் அளவையும் குறித்துக்கொள்வது நல்லது.

இன்று பலர் பயன்படுத்தும் பிரீ பாஸ்கலின் விண்டோஸ், லினக்ஸ் பதிப்புகளில் இந்த வழு இல்லை. தாமதத்தை அவை பணிசெயல் முறைமையிடம் கேட்டுப் பெறுகின்றன. கட்டளை வரியில் தொகுக்கும்போது முதலில் தோன்றும் வரியைக் கவனியுங்கள். பதிப்பு இலக்கம், திகதி, எவ்வகைச் செயலிக்கானது என்பன அதில் இருக்கும். 2021 இல் வெளிவந்த 3.2.2 ஐ "பிரீ பாஸ்கல் 3" என்று சுருக்கி எழுத வேண்டாம். 2015 இல் வந்த 3.0.0 உம் "3" தானே! நடு எண் ஒற்றை எண்ணாயின் அது விருத்தி செய்யப்பட்டுக்கொண்டிருக்கும் பதிப்பு.

ஜி.சி.சி. என்னும் தொகுப்பானின் வழுப் பதிவேட்டில் "வேலை செய்வதாக அறியப்பட்ட பதிப்புகள்", "தவறுவதாக அறியப்பட்ட பதிப்புகள்" என இரு தனி இடங்கள் உண்டு. இரண்டிலும் இல்லாத பதிப்பு இன்னும் சோதிக்கப்படாதது. "வழு இல்லை" என்பதும் "சோதிக்கவில்லை" என்பதும் ஒன்றல்ல. மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். முன்பு சரியாக இருந்து பின்பு கெட்டதாயின், எப்பதிப்பில் முதலில் கெட்டது என்று தேட வேண்டும். சரியான ஒரு பதிப்புக்கும் பழுதான ஒன்றுக்கும் இடையில் 15 பதிப்புகள் இருந்தால், எப்போதும் நடுவிலுள்ளதைச் சோதித்து வந்தால் 4 சோதனைகள் போதும்.

ஆனாலும் தொகுப்பான்மீது பழி போட அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் குற்றம் நம் நிரலில்தான் இருக்கும். நிரலைப் பத்துப் பதினைந்து வரிகளுக்குச் சுருக்குங்கள். அதே வரிகள் ஒரு பதிப்பில் சரியாகவும் மற்றொன்றில் பிழையாகவும் நடந்தால் இரண்டு இலக்கங்களையும் குறித்து ஆசிரியரிடம் காட்டுங்கள். இலக்கம் குறிக்காத மாணவர் சரியான நிரலையே திருத்தித் திருத்திக் கெடுத்துக்கொள்வார்.

பயிற்சி வினா: ஒரு வழு பிரீ பாஸ்கல் 3.0.4 இல் உண்டு, 3.2.2 இல் இல்லை, 3.2.0 சோதிக்கப்படவில்லை எனக் கொள்க. "வழு 3.2.0 இல் திருத்தப்பட்டது" என ஒரு மாணவர் எழுதினார். இது சரியா?

விடை: சரியெனக் கொள்ள முடியாது. திருத்தம் 3.2.0 இலோ 3.2.2 இலோ வந்திருக்கலாம். 3.2.0 ஐ நிறுவி அதே செய்நிரலைத் தொகுத்துப் பார்த்த பின்னரே முடிவை எழுத வேண்டும்.