சல்லடை மேல் சல்லடை எதற்கு?

போன கோடையில் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைக் கேளுங்கள், தோழிகளே!

என் ஏழு வயது மகளுக்கு வீசிங் தொல்லை. ராத்திரி அவள் இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடும். 'ஏ.சி. தூசிதான் காரணம்' என்று நானே முடிவு கட்டி, கடையில் தடிமனான ஃபில்டர் ஷீட் வாங்கி, உள்ளே இருக்கும் வலை மேல் வெட்டி ஒட்டினேன். பிள்ளைக்கு நல்லது செய்த திருப்தி எனக்கு!

மூன்றே வாரம். அறை குளிரவே இல்லை. சுவரோரம் தண்ணீர் சொட்டி மெத்தை நனைந்தது. வந்து பார்த்த மெக்கானிக் மூடியைக்கூடத் திறக்காமல், "கேஸ் தீர்ந்துபோச்சும்மா, 3,500 ரூபாய் ஆகும்" என்றார்.

பணம் எடுக்கப் போன என்னை மாமியார் தடுத்தார். "இரும்மா... முதல்ல நீ ஒட்டினதைக் கழட்டிப் பாரு. சல்லடை அடைச்சுக்கிட்டா மாவு எப்படி இறங்கும்?"

மூடியைத் தூக்கினால், ஷீட்டில் கம்பளி போல் தூசி. அதன் பின்னால் காயில் முழுக்க வெள்ளை வெளேரென்று ஐஸ்!

பாலிடெக்னிக்கில் படித்த என் தம்பி விளக்கினான். அறைக் காற்று வலை வழியாகப் போய், காயிலில் பட்டுத்தான் குளிர்கிறது. வலை அடைத்தால் காற்று குறைந்து காயிலில் ஐஸ் கட்டும்; உருகும்போது வழியும். அடுப்பு சிலிண்டர் போல ஏ.சி. கேஸ் எரிந்து தீராது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் நிரப்பினால் பணம் தண்டம்.

ஷீட்டைப் பிய்த்தெறிந்து, வலையைக் கழுவி, அரை நாள் ஏ.சி.யை நிறுத்தி ஐஸை உருக விட்டோம். அன்று இரவே பழையபடி 'சில்'லென்று ஆகிவிட்டது!

இப்போது 15 நாளைக்கு ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்து வலையைக் கழட்டுகிறேன். பின்பக்கமிருந்து குழாய்த் தண்ணீர் விட்டால் தூசி தானே கழன்று வரும். வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். உள்ளே தெரியும் மெல்லிய தகடுகளில் கை வைக்காதீர்கள், கிழித்துவிடும். வலை கிழிந்தால் அதே மாடலுக்கு உரியதையே வாங்குங்கள்.

மகளின் டாக்டரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "அந்த வலை நூல், முடி, பெரிய தூசியைத்தான் பிடிக்கும். நுண்தூசிக்கு ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் ப்யூரிஃபையர் என்று தனியாக இருக்கிறது. முதலில் படுக்கை விரிப்பு, தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். அறையில் கொசுவர்த்தி, சாம்பிராணி வேண்டாம். இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்றார்.

பாசத்தில் நாமே வைத்தியம் பார்க்கும் முன், விஷயம் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லதுதானே?

- ஒரு வாசகி, மதுரை.