உங்களுக்குத் தெரியுமா? டி.வி. போட்டியில் தோற்றவரின் மகுட கவுன்!

2021 டிசம்பரில் இஸ்ரேலின் எய்லாட் நகரில் ஹர்னாஸ் சந்து பிரபஞ்ச அழகியாக முடிசூடியபோது அணிந்திருந்த கவுனை வடிவமைத்தவர் மும்பையின் சாய்ஷா ஷிண்டே. இவர் 2015இல் அமெரிக்காவின் ‘ப்ராஜெக்ட் ரன்வே’ என்ற ஆடை வடிவமைப்பு டி.வி. நிகழ்ச்சியின் 14ஆவது சீசனில் போட்டியிட்டு, இறுதிச்சுற்றுக்கு முன்பே வெளியேற்றப்பட்டவர்! 2004இல் தொடங்கிய அந்த நிகழ்ச்சியில் பெரும்பாலான சுற்றுகளுக்கு ஓரிரு நாள்தான் அவகாசம். அதற்குள் பட்ஜெட்டுக்கு அடங்கத் துணி வாங்கி, வெட்டி, தைத்து, மாடலுக்கு அணிவித்து மேடையேற்றிவிட வேண்டும். ஆகவே நடுவர்கள் எடைபோடுவது கற்பனையோடு கைவேகத்தையும் சேர்த்துத்தான்.

‘தொழிலிலும் கெடு உண்டே, வேகமும் திறமைதானே?’ என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால், தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்து ஆடைத் தொழிற்சாலையோ, பெரிய டிசைனரின் ஸ்டூடியோவோ, எங்கும் பேட்டர்ன் போடுபவர், கட்டிங் மாஸ்டர், டெய்லர் எனப் பலர் வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். திறமையும் ஓரிரு நாளில் வருவதல்ல; சென்னை தரமணியின் நிஃப்ட் கல்வி நிறுவனத்தில் ஃபேஷன் டிசைன் பட்டப்படிப்பே 4 ஆண்டுகள். எனவே வீட்டில் இத்தகைய நிகழ்ச்சியைப் பார்ப்பவர், ‘எலிமினேஷன்’ அறிவிப்பை அந்த ஓர் உடைக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக மட்டும் கொள்வதே சரி. அது வடிவமைப்பாளரின் திறமைக்கு எழுதிய தீர்ப்பு அல்ல.