பண்டிகை நாளில் துயரம்

துயரம் நாள் பார்த்து வருவதில்லை. ஆயினும் பண்டிகை நாளில் அதன் பாரம் மிகுந்துவிடுகிறது. எங்கள் சோமனூரில் விசைத்தறி ஓசையிடையே வாழ்வோர் இதனை நன்கறிவர். தறி ஓடும்வரை துக்கம் அடங்கியிருக்கும். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ தறி நின்றவுடன் அது பேசத் தொடங்கும். பந்தியில் ஓர் இலை குறைவது அன்றுதான் கண்ணில் படும்.

இவ்வுண்மையைக் கிறிஸ்துமஸ் இரவொன்றில் வைத்துக் காட்டும் திரைப்படம் ஒன்றைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஸ்ரீராம் ராகவன் தமிழிலும் இந்தியிலும் இயக்கி, 2024ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் வெளிவந்த ‘மெரி கிறிஸ்துமஸ்’ என்பதே அது. பிரெஞ்சு எழுத்தாளர் பிரெடரிக் தார் 1961இல் வெளியிட்ட நாவலே அதற்கு மூலம்.

பம்பாய், பெயர் மாறாதிருந்த காலம். பல்லாண்டுகளுக்குப் பின் வீடு திரும்பும் ஆல்பர்ட்டை வரவேற்கத் தாய் உயிருடன் இல்லை. வீதியெங்கும் விளக்குகள், அவன் வீட்டிலோ வெறுமை. வெளியே செல்பவன், சிறு பெண்குழந்தையுடன் வந்த மரியாவைச் சந்திக்கிறான். அவள் இல்லத்தில் ஒரு பிணம் கிடக்கிறது. விஜய் சேதுபதியும் கத்ரினா கைஃபும் இவ்விருவராக நடித்துள்ளனர். மேலே நிகழ்வதைச் சொல்லேன். படம் பார்க்கவிருப்போரின் சுவை கெட்டுவிடும்.

இதில் நகைப்பு எங்ஙனம் பிறக்கிறது? பிணத்தைக் கண்டு அன்று. உள்ளத்தில் ஒன்றை மறைத்து வைத்திருப்போர், ஊர் மகிழும் இரவில் தாமும் மகிழ்முகம் காட்ட வேண்டியிருக்கிறதே, அந்த முரண்பாட்டில் பிறக்கிறது. துயரத்தை எள்ளுவது வேறு; துயருற்றவன் படும் பாட்டைக் கண்டு பரிவோடு நகைப்பது வேறு. முன்னது கொடுமை, பின்னது மனிதத் தன்மை.

இது நமக்குப் புதிதும் அன்று. எண்வகை மெய்ப்பாடுகளை எண்ணப் புகுந்த தொல்காப்பியர் நகையை முதலில் வைத்து, அதனை அடுத்தே அழுகையை வைத்தார். அழுகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் இழவும் ஒன்று என்றார். இழவு வீட்டுத் திண்ணையில் இறந்தவரின் குறும்புகளைச் சொல்லிச் சிரித்து, உடனே கண் துடைத்துக்கொள்ளும் உறவினரை நாம் காணாததில்லை.

துக்கம் நேர்ந்த குடும்பம் ஓராண்டு பண்டிகை கொண்டாடாதிருத்தல் நம்மவர் வழக்கம். பொய்யாக மகிழ்முகம் காட்டும் கடமையினின்று அவர்களை அது விடுவிக்கிறது. ஆனால் அதுவே அவர்களைத் தனிமைப்படுத்திவிடவும் கூடும். ஆகையால், அண்டை வீட்டார் பலகாரம் கொண்டுசென்று கொடுப்பதோடு திரும்பிவிடலாகாது. சற்றே அமர்ந்து இறந்தவரைப் பற்றிப் பேச வேண்டும். நடுவே சிரிப்பு எழுந்தால், அதனை அடக்க வேண்டுவதில்லை.