நிறம், சுவை, மணம்: மூன்றும் சொல்லாத செய்தி

மதரஸாவில் ஃபிக்ஹ் ஓதத் தொடங்கும் பிள்ளைக்கு முதலில் வரும் பாடமே தண்ணீர்தான். எந்தத் தண்ணீரில் ஒளூ கூடும், எதில் கூடாது என்று அங்கிருந்துதான் கிதாபு தொடங்கும். எவ்வளவு நீர் என்ற விஷயத்தில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நஜீஸ் விழுந்து நிறமோ சுவையோ மணமோ மாறிவிட்டால் அந்த நீர் ஆகாது என்பதில் இமாம்கள் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள். கண், நாக்கு, மூக்கு ஆகிய மூன்றையும் அல்லாஹ் நமக்குக் கொடுத்த முதல் ஆய்வுக்கூடம் என்றே சொல்லலாம்.

இன்று நம் வீடுகளுக்கு வரும் தண்ணீரில் இந்த மூன்றுக்கும் பிடிபடாத பொருள்கள் இருக்கக்கூடும். ஃப்ளோரைடு கலந்த நீர் பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். ஆர்செனிக்குக்கு மணமில்லை. தீங்கு செய்யும் அளவுக்கு ஈயம் கலந்திருந்தாலும் நாக்குக்குத் தெரியாது. அப்படியானால் எப்படித்தான் அறிவது? அதற்கான கல்விக்குப் பகுப்பாய்வு வேதியியல் என்று பெயர். ஒரு பொருளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்வதுதான் அதன் வேலை.

விராலிமலை சுற்றுவட்டாரம் கருங்கல் பாறை நிலம். பாறை இடுக்கில் ஊறும் நீரைத்தான் போர்வெல் போட்டு இறைக்கிறோம். மழை பொய்த்தால் இன்னும் ஆழத்துக்குப் போகிறோம். எனவே இது நமக்குப் படிப்பாளிகளின் விவகாரம் மட்டுமல்ல, அடுப்படி விவகாரம்.

இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்

முதலில் ஒரு தெளிவு. "தண்ணீரில் ரசாயனம் இருக்கிறதாமே, ஒளூ கூடுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். பாறையிலிருந்து கரைந்து வந்த தாதுப்பொருள் நஜீஸ் அல்ல. அது இருப்பதால் ஒளூ முறிவதோ தொழுகை வீணாவதோ இல்லை. இந்த விஷயத்தில் வஸ்வாஸுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

ஆனால் ஒளூவுக்கு ஆகும் என்பதாலேயே அந்த நீர் குடிக்கவும் ஆகும் என்று முடிவு கட்டிவிட முடியாது. முதலாவது தூய்மை பற்றிய கேள்வி. இரண்டாவது தீங்கு பற்றிய கேள்வி. தனக்கும் பிறருக்கும் தீங்கு நேராமல் காப்பது நம் ஷரீஅத்தின் அடிப்படைகளில் ஒன்று. எது தீங்கு, எந்த அளவில் தீங்கு என்பதை அந்தத் துறை அறிந்தவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு தானியக் குவியல் சொல்லும் பாடம்

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதற்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்று வியாபாரத்தை அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டிருப்போம்.

பகுப்பாய்வு வேதியியல் மாணவருக்குச் சொல்லப்படும் முதல் பாடமும் இதுதான்: மேலே தெரிவதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே, மாதிரியை உள்ளிருந்து எடு. மாதிரி தவறாக இருந்தால் கோடி ரூபாய்க் கருவியும் தவறான விடையைத்தான் தரும்.

முற்கால முஸ்லிம் நாடுகளின் சந்தைகளில் முஹ்தஸிப் என்ற அதிகாரி எடை, அளவு, கலப்படம் ஆகியவற்றைச் சோதித்தார். மர்வ் நகரில் வாழ்ந்த அல்காஸினீ என்ற அறிஞர் 1121-ல் எழுதிய 'மீஸானுல் ஹிக்மா' என்ற நூலில், பொருளைக் காற்றிலும் நீரிலும் எடைபோட்டு, தங்கத்தில் வேறு உலோகம் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் நுட்பமான தராசை விவரிக்கிறார். கண்ணால் காண முடியாத கலப்படத்தை அளவால் பிடிக்கும் வழிதான் அது.

பாலாறு: நமக்கு நெருக்கமான வழக்கு

அளவீட்டின் அருமை தெரிய வெகுதூரம் போக வேண்டாம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, இந்தப் பக்கம் திண்டுக்கல் ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலில் நம் சமுதாயத்தவர் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அந்தத் தொழிலின் வருமானம் பல கல்வி நிலையங்களைத் தாங்கியது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-லேயே தொடங்கப்பட்டது. இது பெருமைக்குரிய விஷயம்.

அதே தொழிலின் கழிவு பாலாற்றிலும் வயல்களிலும் கிணறுகளிலும் இறங்கியது. இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நீதி. மரப்பட்டை கொண்டு வாரக்கணக்கில் பதனிட்ட காலம் போய், குரோமியம் உப்பு கொண்டு விரைவாகப் பதனிடும் முறை பரவியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28 ஆகஸ்ட் 1996 அன்று தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ கெட்டுவிட்டது என்றும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியுள்ளது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கிணறுகள் மாசுபட்டிருந்தன என்ற ஆய்வும் அதில் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்த தீர்ப்பு இது. ஆனாலும் விவகாரம் முடியவில்லை. 30 ஜனவரி 2025 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்று மாசு குறித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு வழங்கவும் மாசுபடுத்தியவர்களிடமிருந்து அதை வசூலிக்கவும் உத்தரவிட்டது.

இப்படிப்பட்ட வழக்கில் "எங்கள் கிணறு கெட்டுவிட்டது" என்று விவசாயி சொல்வார். "எங்கள் கழிவால் அல்ல" என்று முதலாளி சொல்வார். இருவரும் அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொன்னாலும் கிணற்று நீர் வாய் திறக்காது. அதைப் பேச வைப்பது ஆய்வுக்கூடம்தான்.

கருவிகள் எப்படிக் கண்டுபிடிக்கின்றன?

சோறு பொங்கி உப்பு நீர் அடுப்பில் வழிந்தால் நீலத் தீ மஞ்சளாக மாறுவதைத் தாய்மார்கள் தினமும் பார்க்கிறார்கள். உப்பிலுள்ள சோடியம் காட்டும் நிறம் அது. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய ஒளி உண்டு. கைரேகை போல ஒன்றுக்கு உள்ளது மற்றொன்றுக்கு இராது. ஜெர்மனியில் புன்சென், கிர்ச்சாஃப் என்ற இருவரும் 1860 வாக்கில் இதை ஓர் ஆய்வு முறையாக்கினார்கள்.

1955-ல் ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் இதைத் திருப்பிப் போட்டார். தனிமம் வெளிவிடும் ஒளியைப் பார்ப்பதற்குப் பதில், அது விழுங்கும் ஒளியை அளந்தார். நீரைத் தீயில் தூவி, குரோமியத்துக்கே உரிய ஒளியை அதன் வழியே செலுத்தினால், எவ்வளவு ஒளி குறைகிறதோ அதைக் கொண்டு குரோமியத்தின் அளவு தெரிந்துவிடும். இதற்கு அணு உறிஞ்சல் நிறமாலை முறை என்று பெயர். இதைவிட நுட்பமானது ஐ.சி.பி.-எம்.எஸ். என்ற கருவி. ஆர்கான் வாயுவைப் பல ஆயிரம் டிகிரிக்குச் சூடாக்கி, அதில் நீர்த்துளியை அணு அணுவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நிறை வாரியாகத் தரம் பிரித்து எண்ணுகிறது.

எவ்வளவு என்பதோடு எந்த வடிவத்தில் என்பதும் முக்கியம். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அதன் நச்சுத்தன்மை குறைவு. ஆறு இணைதிறன் குரோமியமோ புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதிசெய்யப்பட்டது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுச்சென்ற இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவுக் குவியலில் இருப்பது இந்த இரண்டாம் வகை. பெயர் ஒன்று, குணம் வேறு. ஆறு இணைதிறன் குரோமியம் உள்ள நீரில் டைஃபீனைல் கார்பசைடு என்ற மருந்தை அமிலத்தோடு சேர்த்தால் ஊதா கலந்த சிவப்பு நிறம் தோன்றும். அந்த நிறத்தின் அடர்த்தியைக் கருவி அளந்து எண்ணாகச் சொல்லும்.

பூச்சிமருந்து போன்ற கரிமப் பொருள்களுக்கு வேறு வழி. மைப்புள்ளி வைத்த காகிதத்தின் நுனியை நீரில் நனைத்தால் மை பல நிறங்களாகப் பிரிந்து ஏறுவதைப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்வார்கள். கலவையை இப்படிப் பிரித்து ஒவ்வொன்றாக அடையாளம் காணும் முறைக்குக் குரோமட்டோகிராஃபி என்று பெயர்.

இந்திய குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-ன்படி ஒரு லிட்டர் நீரில் மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஈயமும் ஆர்செனிக்கும் 0.01 மில்லிகிராம். ஃப்ளோரைடு 1 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை. மாடியில் 1,000 லிட்டர் தொட்டி இருக்கிறதல்லவா? அதில் 10 மில்லிகிராம் ஈயம் கரைந்தாலே ஈய வரம்பு எட்டிவிடும். 500 மில்லிகிராம் காய்ச்சல் மாத்திரையை ஐம்பது பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான் அது. அதைவிடக் குறைந்த அளவையும் இன்றைய கருவிகள் தவறாமல் காட்டுகின்றன.

டி.டி.எஸ். மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

வீடு தேடி வரும் விற்பனையாளர் பேனா போன்ற மீட்டரை நீரில் வைத்து எண் காட்டுகிறார். அது கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத் தோராயமாகச் சொல்லும். என்ன உப்பு என்று சொல்லாது. டி.டி.எஸ். 300 உள்ள நீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருக்கலாம். 900 உள்ள நீரில் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். கிருமியையோ பூச்சிமருந்தையோ அந்த மீட்டர் அறவே காட்டாது.

சிலர் இரண்டு கம்பிகளை நீரில் விட்டு மின்சாரம் செலுத்தி, "பாருங்கள், உங்கள் தண்ணீரிலுள்ள அழுக்கு" என்று பழுப்பு நிறத்தைக் காட்டுவார்கள். அது பெரும்பாலும் அந்த இரும்புக் கம்பியே கரைந்து உண்டாகும் துரு. உப்பு குறைவான நீரில் மின்சாரம் எளிதில் பாயாது என்பதால் வடிகட்டிய நீர் நிறம் மாறாமல் நிற்கிறது. இதைப் பார்த்துப் பயந்து கடன் வாங்கி இயந்திரம் வாங்க வேண்டாம்.

சுர்மாவும் மஞ்சளும்

கண்ணுக்கு இஸ்மித் இடுவது சுன்னத் என்பதை அறிவோம். ஆனால் இன்று சுர்மா என்ற பெயரில் சந்தையில் விற்பவற்றில் பல ஈய சல்ஃபைடு என்று பல நாடுகளின் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. பிள்ளை கண்ணைக் கசக்கிவிட்டு விரலை வாயில் வைக்கும். ஈயம் உள்ளே போகும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் சுன்னத்தைக் குறை சொல்லவில்லை. டப்பாவுக்குள் இருப்பது எது என்றுதான் கேட்கச் சொல்கிறோம். தெரியாத பொருளைப் பச்சிளம் குழந்தையின் கண்ணில் இட வேண்டாம்.

வங்கதேசத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரிய லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைப் பூசி விற்றார்கள். 2019-ல் அந்நாட்டு அதிகாரிகள் கையடக்க எக்ஸ்ரே கருவியுடன் மொத்தச் சந்தைக்குள் போய், கடையிலேயே சோதித்து அபராதம் விதித்தார்கள். சந்தை மாதிரிகளில் 47 சதவீதமாக இருந்த கலப்படம் 2021-ல் இல்லாமலே போனது. முஹ்தஸிபின் வேலையை இன்று அந்தக் கருவி செய்கிறது.

நம் ஜமாஅத் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு மாவட்டத்திலும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. கட்டணம் செலுத்தி நீரைச் சோதித்துக்கொள்ளலாம். ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்ட களப் பரிசோதனைப் பெட்டியைக் கொண்டு முதல்கட்டச் சோதனையும் செய்யலாம். பள்ளிவாசல் போர்வெல்லிலிருந்து தொடங்குவது நல்லது. எத்தனையோ வீடுகளுக்கு அங்கிருந்துதான் குடிநீர் போகிறது.

மாதிரி எடுக்கும் முறை இதுதான்:

- மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு நேராக போர்வெல் குழாயிலிருந்து பிடியுங்கள். தொட்டி நீர் தொட்டியின் கதையைச் சொல்லும். நிலத்தின் கதையைச் சொல்லாது.
- சுத்தமான புது பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் இரண்டு மூன்று முறை அலசி நிரப்புங்கள். குளிர்பானம், ஊறுகாய் பாட்டில் ஆகாது.
- கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலைத்தான் பயன்படுத்த வேண்டும். அதை அலசக் கூடாது. ஐஸ் வைத்து அன்றே கொண்டு சேர்க்க வேண்டும்.
- இடம், தேதி, நேரம், ஆழம் எழுதி ஒட்டுங்கள்.
- உலோகங்களுக்கும் ஃப்ளோரைடுக்கும் சோதனை வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். கேட்காததை ஆய்வகம் பார்க்காது.
- கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை சோதியுங்கள்.

அறிக்கை வந்ததும் முத்தவல்லி அதைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டிவிட வேண்டும். நன்றாக இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். கெட்டிருந்தாலும் மறைக்க வேண்டாம்; நனைந்த தானியத்தை மேலே வைக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம். அக்கம்பக்கத்துச் சகோதர சமயத்தாரும் அதே நிலத்தடி நீரைத்தான் குடிக்கிறார்கள். அவர்களுக்கும் சொல்லுங்கள், ஊராட்சிக்கும் எழுதுங்கள். தொழில் நடத்துவோர் தங்கள் கழிவு நீரை அதிகாரி வரும்வரை காத்திராமல் தாங்களே சோதித்துக்கொள்ளட்டும். அண்டை வீட்டாரின் கிணறும் அவர்களுடைய ஹக்குதான்.

பிளஸ் டூவில் வேதியியல் நன்றாக வரும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மருத்துவம் கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று அவர்களைச் சோர்ந்துபோக விடாதீர்கள். ஓர் ஊரின் தண்ணீரைச் சோதித்து உண்மையைச் சொல்பவரும் உயிர்களைக் காப்பவர்தான்.

தண்ணீரைக் கொண்டே எல்லா உயிர்களையும் வாழவைக்கும் ரஹ்மான், அதைக் கெடுக்காமல் காக்கும் பொறுப்பை உணர்ந்தவர்களாக நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.