ஒரு பலகை, இரண்டு எழுத்து

தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று போகும் சாலையில் தமிழும் மலையாளமும் சேர்ந்து நிற்கும் பலகைகள் கண்ணில் படும். கிராஃபிக் டிசைன் பழகத் தொடங்குபவர்கள் அவற்றை நின்று பார்க்க வேண்டும்.

‘நெய்யாற்றின்கரை’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் 8 எழுத்து. மலையாளத்தில் 6 வடிவங்களில் முடிந்துவிடும். அங்கே ‘ய்யா’ ஒரே கூட்டெழுத்து; ‘ற்றி’யில் ஒரு றகரத்தின் அடியில் இன்னொரு றகரம் உட்கார்ந்திருக்கும். ஆகவே தமிழ் வரி அகலம் கேட்கிறது, மலையாள வரி உயரம் கேட்கிறது.

வரிகளுக்கு நடுவே விடும் இடைவெளிதான் லெடிங். அச்சுக் கோத்த காலத்தில் அங்கே ஈயத் தகடு செருகினார்கள். (எழுத்துக் கோப்பது இந்த வட்டாரத்துக்குப் பழைய தொழில்; தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் அச்சானது 1578இல், கொல்லத்தில்.) மலையாளத்துக்கு லெடிங் குறைந்தால் அடுக்கெழுத்தின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும்.

தமிழ் வரி பலகையில் அடங்காதபோது பலர் அதைப் பக்கவாட்டில் அமுக்குகிறார்கள். செய்யாதீர்கள். செங்குத்துக் கோடுகள் மட்டும் மெலிந்து எழுத்தின் உருவமே கெடும். அளவைக் குறையுங்கள், அல்லது ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்துருவைத் தேடுங்கள். வரி முழுக்க எழுத்துகளைச் சற்று நெருக்குவது டிராக்கிங். குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளின் இடைவெளியை மட்டும் திருத்துவது கெர்னிங்.

எழுத்தின் அளவு பாயிண்டில். 72 பாயிண்ட் ஓர் அங்குலம். அது எழுத்தின் உயரமன்று, எழுத்து உட்காரும் சட்டத்தின் உயரம். அதனால் இரண்டு மொழிக்கும் 40 பாயிண்ட் கொடுத்தாலும் ஒன்று பெரிதாகத் தெரியலாம். எண்ணை விட்டுக் கண்ணை நம்புங்கள். இரண்டு எழுத்துக்கும் ஒரே கை வரைந்தது போன்ற சாயல் வேண்டுமென்றால், ஏக் டைப் குழு உருவாக்கிய ‘பாலூ’ எழுத்துருக் குடும்பம் இருக்கிறது. தமிழுக்குப் ‘பாலூ தம்பி’, மலையாளத்துக்குப் ‘பாலூ சேட்டன்’. இரண்டும் இலவசம்.

அடுத்தது நிறம். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மையால் காட்டுகிறது. திரையில் பளிச்சிட்ட பச்சை அச்சில் மங்குவது அதனால்தான். கோப்பின் வகையையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த லோகோவைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாக வரையப்பட்ட வெக்டர் கோப்பு எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது.

கடைசியாக, அச்சுக் கடைக்குக் கோப்பை அனுப்பும் முன் இரண்டு மொழியும் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். எல்லையூர்களில் அவர் பக்கத்து வீட்டிலேயே இருப்பார்.