மனோரமா ஆச்சி: சின்ன வேடங்களில் ஒரு பெரிய குரல்



எமது வானொலியில் சில வாரங்களாகத் தமிழ்த் திரையின் நகைச்சுவைக் கலைஞர்களைப் பற்றிப் பேசி வருகிறோம். கலைவாணர், தங்கவேலு, சந்திரபாபு, நாகேஷ் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டு போனபோது, ஓர் அம்மா தொலைபேசியில் வந்து, "தம்பி, இவ்வளவு பேரையும் சொல்லுறீங்கள், இவையளோட நடிச்ச பொம்பிளையளைப் பற்றி ஒண்டும் சொல்ல மாட்டீங்களோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே இந்த மாதம் மனோரமாவைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழ்நாட்டில் மனோரமாவை எல்லோரும் "ஆச்சி" என்றே அழைத்தார்கள். எங்கள் பிள்ளைகள் இதைக் கேட்டால் அம்மம்மாவையோ அப்பம்மாவையோ நினைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஆச்சி என்றால் கிழவிதான். செட்டிநாட்டிலோ அது வயதைக் குறிக்கும் சொல் அல்ல. வீட்டுக்குரிய பெண்ணை மதிப்போடு அழைக்கும் சொல். காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள பள்ளத்தூரில் வளர்ந்த மனோரமாவுக்கு அந்த மதிப்புச் சொல் பட்டமாகவே ஒட்டிக்கொண்டது. அந்த மதிப்பை அவர் எவ்வளவு தூரம் நடந்து பெற்றார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அவர் பிறந்தது 1937 ஆம் ஆண்டு மே மாதம் 26 ஆம் திகதி, மன்னார்குடியில். இயற்பெயர் கோபிசாந்தா. கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பன் கைவிட்டுவிட்டார். தாய் ராமாமிர்தம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டு வெளியேறிப் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். வேரோடு பிடுங்கப்பட்டு இன்னோர் ஊரில் வாழ்க்கையைத் தொடங்குவது என்றால் என்னவென்று எமது வாசகர்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. தாய்க்கு உடம்புக்கு முடியாமற் போக, ஆறாம் வகுப்போடு மகளின் படிப்பு நின்றது. பிறர் வீட்டில் வேலைக்குப் போனார். பன்னிரண்டு வயதளவில் ஊருக்கு வந்த நாடகக் குழு ஒன்றில் பாடவும் நடிக்கவும் இடம் கிடைத்தது. "பள்ளத்தூர் பாப்பா" என்று சுற்றுவட்டாரத்தில் பெயர் எடுத்தார். மனோரமா என்ற பெயரும் நாடக மேடையில் வைக்கப்பட்டதுதான்.

பின்னர் எஸ். எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவில் சேர்ந்து, கலைஞர் கருணாநிதி எழுதிய "மணிமகுடம்" போன்ற நாடகங்களில் நடித்தார். அறிஞர் அண்ணாவோடும் கலைஞரோடும் மேடையில் நடித்தவர்; எம். ஜி. ஆர்., ஜெயலலிதா, ஆந்திராவின் என். டி. ராமராவ் ஆகியோருடன் திரையில் நடித்தவர். ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் குறிப்பிடும் செய்தி இது. எங்களுக்கு உரிய இன்னொரு செய்தியும் உண்டு. அந்த நாட்களில் பல சிங்களப் படங்கள் தென்னிந்தியக் கலையகங்களிலேயே தயாரிக்கப்பட்டன. மனோரமா முதன்முதலில் கமராவுக்கு முன் நின்றதும் 1957 ஆம் ஆண்டு அப்படியான ஒரு சிங்களப் படத்தில்தான் என்று சொல்லப்படுகிறது.

தமிழில் அவருக்குக் கதவு திறந்தவர் கவியரசு கண்ணதாசன். 1958 இல் அவர் தயாரித்த "மாலையிட்ட மங்கை" படத்தில் நகைச்சுவை வேடம் கொடுத்தார். இருபத்தொரு வயதுப் பெண்ணுக்குக் கதாநாயகியாகும் ஆசை இருக்காதா? தயங்கியிருக்கிறார். கதாநாயகியானால் சில வருடங்களில் ஒதுக்கிவிடுவார்கள், நகைச்சுவை என்றால் கடைசிவரை நிற்கலாம் என்று கண்ணதாசன் எடுத்துச் சொன்னதாக மனோரமா பின்னாளில் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1963 இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த "கொஞ்சும் குமரி"யில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்தார். ஆனால் அவரது பாதை கவிஞர் சொன்ன பாதையாகவே அமைந்தது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். மனோரமாவுக்கு முன் தமிழ்த் திரையில் நகைச்சுவை நடிகை என்றால் பெரும்பாலும் ஒரு சோடியின் பாதி. கலைவாணரோடு டி. ஏ. மதுரம், தங்கவேலுவோடு எம். சரோஜா, இரண்டு சோடிகளும் வாழ்க்கையிலும் தம்பதிகள். மனோரமாவுக்கு அப்படி ஒரு துணை அமையவில்லை. 1964 இல் நடந்த திருமணம் மகன் பிறந்த சிறிது காலத்திலேயே முறிந்து, 1966 இல் விவாகரத்தில் முடிந்தது. தாயையும் மகனையும் தாங்கும் பொறுப்பு அவர் ஒருவர் தலையில். திரையிலோ நாகேஷ் வந்தார், சோ வந்தார், தேங்காய் சீனிவாசன் வந்தார், சுருளிராஜன் வந்தார். சுருளிராஜன் 1980 இலும், தேங்காய் சீனிவாசன் 1987 இலும் மறைந்தார்கள். அதன்பின் கவுண்டமணி, செந்தில், வடிவேலு காலம். பக்கத்தில் நின்ற ஆண்கள் மாறிக்கொண்டே இருக்க, அந்தப் பெண் மட்டும் நின்ற இடத்தில் நின்றார். ஆயிரம் படங்களைத் தாண்டியதற்காகக் கின்னஸ் புத்தகத்திலும் அவர் பெயர் ஏறியது.

நான் தொழிலால் கணக்காளர். வணிகவியல் படித்தவர்களுக்குச் சில்லறைக் காசேடு தெரிந்திருக்கும். முத்திரைச் செலவு, தேநீர்ச் செலவு, பஸ் கட்டணம் என்று சின்னச் சின்னத் தொகைகள்; முதலாளி திரும்பியும் பார்க்க மாட்டார். ஆனால் அதை ஒழுங்காக எழுதாவிட்டால் கடைசியில் ஐந்தொகை சமப்படாது. ஒரு படத்தில் வேலைக்காரி, பூக்காரி, அடுத்த வீட்டுக்காரி எல்லாம் சில்லறைக் காசேட்டுப் பாத்திரங்கள். மனோரமா அந்தப் பதிவுகளைத்தான் ஐம்பது வருடங்கள் எழுதினார்.

எப்படி எழுதினார்? குரலால். ஒலிபரப்பில் இருக்கிற எவருக்கும் இது முதலில் புலப்படும். 1967 இல் கே. பாலசந்தரின் "அனுபவி ராஜா அனுபவி"யில் நாகேஷோடு நடித்தபோது தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. அது மன்னார்க் கடலுக்கு அப்பால் எங்கள் எதிர்க்கரைப் பேச்சு. 1968 இல் "பொம்மலாட்டம்" படத்தில் சோவோடு நடித்து, சென்னைத் தமிழில் ஒரு பாட்டைத் தாமே பாடினார். காலை உணவுக்கு "நாஸ்டா", தொல்லைக்குப் "பேஜார்" என்று பேசும் அந்தத் தமிழை நாங்கள் முதன்முதலில் கேட்டதே அவர் போன்றவர்கள் வாயில்தான். அதே 1968 இல் ஏ. பி. நாகராஜனின் "தில்லானா மோகனாம்பாள்". சிவாஜியும் பத்மினியும் உச்சத்தில் நின்ற அந்தப் படத்தில், சிறு நாடகக் குழுவில் ஆடிப் பாடிப் பிழைக்கும் ஜில் ஜில் ரமாமணியாக வந்தார். பகட்டு உடை, வெகுளிப் பேச்சு, உள்ளே ஓர் ஏக்கம். தான் வளர்ந்த கொட்டகையின் பேச்சையே அவர் அதில் பேசினார்.

1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கி யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமற் போன பிறகு, சைக்கிள் டைனமோவை மிதித்து ஒலிநாடா கேட்ட தலைமுறை எங்களுடையது. அப்படித்தான் நானும் இந்தப் படத்தின் ஒலிப்பதிவைக் கேட்டேன். படம் இல்லை, குரல் மட்டும். ரமாமணி கதைக்கும் இடம் வந்தால் மிதிப்பவர் காலை நிறுத்தாமலே சிரிப்பார். முகபாவம் இல்லாமல் சிரிக்க வைப்பது இலேசான காரியம் அல்ல. சொல்லை எங்கே இழுப்பது, எங்கே விழுங்குவது, எந்த இடத்தில் மூச்சு விடுவது என்பதெல்லாம் மேடையில் ஒலிபெருக்கி சரியாக வேலை செய்யாத காலத்தில் அவர் பழகிய பயிற்சி.

வெளிநாட்டிலும் இதற்கு ஒப்பு உண்டு. பிரித்தானிய நடிகை மார்கரெட் ரதர்ஃபோர்ட் திரைக்கு வருமுன் பேச்சுக்கலையும் பியானோவும் கற்பித்தவர். அழகி என்று எவரும் அவரை அழைக்கவில்லை. ஆயினும் 1960 களில் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் பாத்திரத்தில் நான்கு படங்களில் நாயகியாகவே வந்தார். எழுபது வயதைத் தாண்டியபின் துணை நடிகைக்கான ஒஸ்கார் விருதும் பெற்றார். வயதான நகைச்சுவை நடிகையை நடுவில் வைத்து அங்கே படம் எடுத்தார்கள். மனோரமாவுக்கு அப்படி எழுதியவர்கள் குறைவு. பல படங்களில் அவர் உருவத்தையும் நிறத்தையும் வைத்து எழுதப்பட்ட சிரிப்புகளையும் அவரே பேசி நடிக்க வேண்டியிருந்தது. இன்று பிள்ளைகளோடு இருந்து பார்க்கும்போது அவை மனதை உறுத்தும். உறுத்துவது நல்லதுதான், பிள்ளைகளோடு அதையும் கதைக்கலாம்.

அவர் கையில் நல்ல வேடம் கிடைத்தபோது என்ன நடந்தது என்பதற்கு விசுவின் "சம்சாரம் அது மின்சாரம்" (1986) போதும். அதில் வரும் கண்ணம்மா வீட்டு வேலைக்காரி. படித்தவர்கள் நிறைந்த வீட்டில் சிக்கல் முற்றியபோது, மரியாதைத் தமிழால் அசைக்க முடியாத ஒரு மனிதரைத் தன் தெருப் பேச்சால் வழிக்குக் கொண்டுவருகிறாள். பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் சிரிப்பு அவளைப் பார்த்து அல்ல, அவளோடு சேர்ந்து. சிறு வயதில் பிறர் வீட்டில் வேலை செய்த ஒருவர், அந்தத் தொழில் செய்பவளுக்கு அந்த வீட்டிலேயே பெரிய குரலைக் கொடுத்தார்.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் எங்களில் எத்தனை பேர் உணவகத்தில் கோப்பை கழுவினோம், இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தோம்! வருமானவரிப் பத்திரம் நிரப்ப வரும் சில அம்மாமார், தொழில் என்ன என்று கேட்டால் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். கண்ணம்மா குரலைத் தாழ்த்தவில்லை என்பதை அவர்களுக்குச் சொல்லத் தோன்றும்.

பார்த்திபனின் "புதிய பாதை" படத்துக்காக 1989 ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருது, 2002 இல் பத்மஸ்ரீ என்று மரியாதைகள் வந்தன. "நடிகன்" (1990), "சின்னத்தம்பி" (1991) என்று தொடர்ந்து, 2006 இல் "இம்சை அரசன் 23 ஆம் புலிகேசி"யில் வடிவேலுவுக்குத் தாயாகவும் வந்தார். 2015 ஒக்ரோபர் 10 ஆம் திகதி, 78 ஆவது வயதில், சென்னையில் காலமானார்.

நேயர்களுக்கு ஒரு யோசனை. விடுமுறை நாளில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து "தில்லானா மோகனாம்பாள்", "சம்சாரம் அது மின்சாரம்", "நடிகன்" மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். நாடகக்காரி, வேலைக்காரி, காதல் வயப்பட்ட முதிர்கன்னி: மூவரும் மூன்று விதமாகப் பேசுவார்கள். பிள்ளைகளிடம் வித்தியாசம் கேட்டுப் பாருங்கள். படத்துத் தமிழ்தான் தமிழ், எங்கள் பேச்சு சரியில்லை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு, தமிழ் ஊருக்கு ஊர் ஒலி மாறும் மொழி என்பது அப்போது விளங்கும். வடமராட்சி, தீவகம், வன்னி, மட்டக்களப்பு, மலையகம் என்று எங்கள் வீடுகளிலும் அத்தனை ஒலிகள் இருக்கின்றன. வீட்டில் உள்ள ஆச்சிமாரைக் கதைக்க விட்டுக் கைத்தொலைபேசியில் பதிந்து அனுப்புங்கள். தெரிந்தெடுத்தவற்றை வானொலியில் ஒலிபரப்புவோம்.

அடுத்த மாதம் டி. ஏ. மதுரத்தோடு சந்திப்போம்.